ஆறு ஸ்டவுட், ஒரே மாலை: காரைக்குடி வெயிலில் எப்படி ஒப்பிட்டுச் சுவைப்பது?

செக்காலை ரோடு கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் காரைக்குடி வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து ஸ்டவுட் எனும் கறுப்பு பியர்களை வரிசையாக ஊற்றி ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம். எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள். போதைக்காக இல்லை, ருசி பிடிபட வேண்டும் என்பதற்காக.

சிங்கப்பூரிலிருந்து வரும் அண்ணன் கொண்டுவருவது: கின்னஸ் டிராஃப்ட் டின் (ஆல்கஹால் 4.2%), சாமுவேல் ஸ்மித் ஓட்மீல் ஸ்டவுட் (5%), லெஃப்ட் ஹேண்ட் மில்க் ஸ்டவுட் (6%), ஏபிசி எக்ஸ்ட்ரா ஸ்டவுட் (8%), ஓல்ட் ராஸ்புட்டின் (9%). கொழும்பிலிருந்து வரும் பங்காளி லயன் ஸ்டவுட் (8.8%) எடுத்து வருகிறார். ஒவ்வொன்றிலும் ஒன்றுதான்.

கேள்விகள்: எந்த வரிசையில் ஊற்றுவது? எவ்வளவு குளிர்ச்சியில்? எந்த கிளாஸ்? கூட என்ன சாப்பிடலாம், நம்ம ஊர்ச் சமையல் ஒத்துவருமா? கடைசியில் எது சிறந்தது என்று எப்படி மார்க் போடுவது?

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. ஆறுக்கும் மொத்தமாக மார்க் போடாதீர்கள். 4.2% கின்னஸையும் 9% ராஸ்புட்டினையும் ஒரே தராசில் வைத்தால் ராஸ்புட்டின்தான் ஜெயிக்கும். சாராயமும் இனிப்பும் கூடின எதுவும் முதல் வாயில் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டிரண்டை ஒப்பிடுங்கள். உங்கள் பட்டியல் அதற்கு அருமையாக அமைந்திருக்கிறது.

முதல் ஜோடி கின்னஸ், சாமுவேல் ஸ்மித். ஆல்கஹால் ஏறக்குறைய ஒரே அளவு. கின்னஸில் கறுப்பும் காப்பிக் கசப்பும் முளைகட்டாத பார்லியை வறுத்துப் போடுவதால் வருவது. சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுக்கத் தின்றுவிடுவதால் கடைசியில் வாய் வறண்டு முடியும். யார்க்‌ஷயரின் டாட்காஸ்டர் ஊரில் காய்ச்சும் சாமுவேல் ஸ்மித்தில் ஓட்ஸ் சேர்கிறது. ஓட்ஸில் இருக்கும் பசைத்தன்மை நாக்கில் வழுவழுப்பாக உட்காரும். லேசாக வெண்ணெய் வாசம் வந்தால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம், அந்த ஆலையின் ஈஸ்ட் குணம் அது.

இரண்டாவது, சாமுவேல் ஸ்மித்தும் லெஃப்ட் ஹேண்டும். இரண்டும் மென்மைதான், காரணம் வேறு. கொலராடோவின் லெஃப்ட் ஹேண்டில் பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ் சேர்க்கிறார்கள். பியர் ஈஸ்ட்டால் லாக்டோஸைத் தின்ன முடியாது, அதனால் இனிப்பு அப்படியே தங்கிவிடும். ஒன்றில் வழுவழுப்பு, மற்றொன்றில் இனிப்பு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாலு பேரில் யாருக்காவது பால் ஒத்துக்கொள்ளாது என்றால் இதை மட்டும் ஒரு வாயோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மூன்றாவது ஏபிசி, லயன். இரண்டும் வெப்பநாட்டு ஸ்டவுட். இந்த வகையில் பலவும் சாதாரண மஞ்சள் பியரான லாகருக்குப் போடும் ஈஸ்ட்டில் நொதிப்பவை. கருப்பட்டி, உலர் பழம், கொஞ்சம் ரம் வாசம் வரும். பியரில் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு குறைவு. நான்காவது லயன், ராஸ்புட்டின். ஆல்கஹால் கிட்டத்தட்ட சமம், ஆனால் கலிஃபோர்னியாக்காரர்கள் ராஸ்புட்டினில் ஹாப்ஸை அள்ளிப் போட்டிருப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்குப் போன கனத்த ஸ்டவுட்டின் வழியில் வந்தது அது. ஒரே பலம், ஒன்று இனிப்பில் சாய்கிறது, மற்றது கசப்பில். வரிசையும் இதுவேதான்: கின்னஸ், சாமுவேல் ஸ்மித், லெஃப்ட் ஹேண்ட், ஏபிசி, லயன், ராஸ்புட்டின். ராஸ்புட்டினை முன்னால் கொண்டுவந்தால் அதன் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கின்னஸ் தண்ணீராகத் தெரியும்.

குளிர்ச்சி. நம்ம ஊரில் எல்லாரும் தப்பு செய்யும் இடம் இதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு 4 டிகிரியில் குடித்தால் வாசனை எழும்பாது, ஆறும் ஒரே கசப்புத் தண்ணீர்தான். கின்னஸ் 5 முதல் 7 டிகிரி, ஓட்மீலும் மில்க்கும் 9 முதல் 11, ஏபிசியும் லயனும் 11 முதல் 12, ராஸ்புட்டின் 13. மாலையில் அறை 32 டிகிரி இருந்தால் 4 டிகிரி பாட்டிலை வெளியே வைத்து 10 முதல் 15 நிமிடத்தில் 10 டிகிரியைத் தொட்டுவிடும். காற்றில் ஈரம் இருந்து பாட்டில் வியர்த்தால் இன்னும் சீக்கிரம். கடிகாரத்தை நம்ப வேண்டாம், குச்சி வைத்த சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி முதல் கிளாஸில் முக்கிப் பாருங்கள். கிளாஸில் ஊற்றியது இன்னும் வேகமாகச் சூடேறும். அதனால் ஒருவருக்கு 60 மி.லி.க்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். மீதியை மூடி ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள், ஜோடி ஒப்பிடும்போது இரண்டாம் ஊற்றுக்கு வேண்டும்.

கின்னஸ் டின்னுக்கு மட்டும் விதி தலைகீழ். உள்ளே நைட்ரஜன் அடைத்த ஒரு பிளாஸ்டிக் உருண்டை இருக்கிறது. டின் சூடாக இருந்தால் திறந்த கணமே பொங்கி மேசையில் ஓடும். மூன்று மணி நேரமாவது ஃபிரிட்ஜில் நிமிர்ந்து இருக்கட்டும். குலுக்காமல் திறந்து, சாய்த்த பெரிய கிளாஸில் நிறுத்தாமல் முழுவதையும் ஊற்றி, கீழே கறுப்பு தெளிந்து மேலே நுரை பிரியும்வரை, ஏறத்தாழ இரண்டு நிமிடம், தொடாதீர்கள். அதன் பிறகு நாலு கிளாஸுக்குப் பிரியுங்கள். நேரே சின்னக் கிளாஸ்களில் பிரித்து ஊற்றினால் முதலாமவருக்கு நுரை மட்டும், கடைசி ஆளுக்கு நுரையே இல்லாமல் போகும்.

விமான நிலையத்தில் ஒருவருக்குத் தீர்வையில்லாமல் 2 லிட்டர்தான். அண்ணன் கணக்கு: டின் 440, அமெரிக்கப் பாட்டில் இரண்டும் 355 வீதம், ஏபிசி 330. சாமுவேல் ஸ்மித் 355 பாட்டிலாக வாங்கினால் மொத்தம் 1,835 மி.லி. அதே பியர் 550 பாட்டிலிலும் வரும். அதை எடுத்தால் 2,030 ஆகி அளவைத் தாண்டிவிடும். செக்-இன் பெட்டியில் ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள்.

---

கானாடுகாத்தான்வாசி எழுதியது:

ரஸ்தா அண்ணன் சொன்னதில் ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கின்னஸ் டின்னை சாமுவேல் ஸ்மித்தோடு ஜோடி சேர்த்தால் நீங்க ஒப்பிடுறது பார்லியையும் ஓட்ஸையும் இல்லை, வாயுவை. டின்ல நைட்ரஜன்தான் முக்கால்வாசி வேலை பார்க்குது. பொடிப்பொடி நுரை, வாயில் சுருக்குனு குத்துறது கிடையாது, கசப்பும் மழுங்கிப் போகும். மத்த அஞ்சும் கார்பன்-டை-ஆக்சைடு. வழுவழுப்பு ஓட்ஸ்ல வந்ததா நைட்ரஜன்ல வந்ததான்னு தெரியாமலே முடிஞ்சிரும்.

முடிஞ்சா டின்னுக்குப் பதில் கின்னஸ் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் பாட்டிலா வாங்கச் சொல்லுங்க. அது சாதாரண வாயு போட்டது, வறுத்த பார்லியோட கரகரப்பு நேரா தெரியும். ஃபாரின் எக்ஸ்ட்ரான்னு இன்னொண்ணு இருக்கு, அது பலம் கூடினது, நாட்டுக்கு நாடு சதவீதமும் மாறும். லேபிளைப் பார்த்து எடுக்கணும். லெஃப்ட் ஹேண்ட்லயும் நைட்ரோன்னு தனியா வருது. அதை எடுத்திராதீங்க.

லெஃப்ட் ஹேண்ட் இனிப்பு, ஏபிசியும் இனிப்பு. நடுவுல கால் மணி நேரமாவது விடுங்க.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

நைட்ரஜன் பற்றிச் சொன்னது சரியான கவலை. ஆனால் டின்னை விட்டுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஸ்டவுட் என்றால் பாதி உலகத்துக்கு நினைவில் வருவது அந்த நுரைதான், அதைப் பார்க்காமல் எப்படி? டின்னையே இரண்டு விதமாகச் சுவைக்கலாம். ஆளுக்கு 60 மி.லி. நுரையோடு குடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மீதியில் ஆளுக்கு 30 மி.லி. தனியே வைத்து, ஸ்பூனால் நன்றாகக் கலக்கி நுரையை அடக்கி, 10 டிகிரி வரும்வரை விட்டு, சாமுவேல் ஸ்மித்தோடு சேர்த்துச் சுவையுங்கள். வாயு போனபின் கின்னஸ் எவ்வளவு மெலிந்த பியர் என்பது அப்போது தெரியும். கறுப்பாக இருப்பதால் கனமானது, போதை கூடினது என்று நம்புகிறவர்களுக்கு இதுவே பதில். நிறம் வருவது ஒரு பிடி வறுத்த தானியத்தால். ஆல்கஹால் எவ்வளவு என்பதை நொதித்த சர்க்கரைதான் தீர்மானிக்கும். சாதாரண 5% லாகரைவிட இதில் குறைவு.

---

செக்காலை ரோடு எழுதியது:

மிக்க நன்றி அண்ணே, இருவருக்கும். எக்ஸ்ட்ரா ஸ்டவுட் பாட்டில் கிடைத்தால் அதையும் பங்காளியின் பையில் சேர்க்கச் சொல்கிறேன். கிளாஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? வீட்டில் எவர்சில்வர் டம்ளரும் டீ கிளாஸும்தான் இருக்கின்றன. காப்பி, சாக்லேட், கருப்பட்டி என்கிறீர்கள். அந்த வாசனைகளை எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பிடிப்பது?

---

புதுவயல் மில் எழுதியது:

கிளாஸ்: வாய் குறுகி வயிறு அகன்ற ஒயின் கிளாஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் டீ கிளாஸ் போதும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. மேலே காலியாக இருக்கும் இடத்தில்தான் வாசனை தங்கும். கழுவுவதில்தான் விஷயம் இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரம் தேய்த்த நாரால் கிளாஸைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டி, நுரை நிற்காது. புது நாரில் சமையல் சோடா தொட்டுத் தேய்த்து, மூன்று முறை அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். சோதிக்க வழி: ஈரக் கிளாஸின் உட்புறம் தூள் உப்பைத் தூவுங்கள். எல்லா இடத்திலும் சீராக ஒட்டினால் சுத்தம். திட்டுத்திட்டாக விட்டிருந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது. உப்பைக் கழுவிவிட்டு மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

வாசனைக்கு, அன்று மதியமே மாதிரிக் கிண்ணங்கள் தயார் செய்யுங்கள்.

நாட்டு மருந்துக் கடைப் பார்லி 20 கிராமை இரும்புச் சட்டியில், குறைந்த தீயில், காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை எண்ணெயில்லாமல் வறுங்கள். 200 மி.லி. கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்தால் வறுத்த பார்லியின் வாசனை கிடைத்துவிட்டது. கரியும் அளவுக்கு விட வேண்டாம், சாம்பல் கசப்பு வந்து குழப்பும். இன்னொரு கிண்ணத்தில் இனிப்பில்லாத கோகோ பொடி ஒரு டீஸ்பூனை 100 மி.லி. வெந்நீரில் கரையுங்கள், சாக்லேட் மால்ட்டின் வாசனை இதற்குப் பக்கத்தில் வரும் (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம், அதில் சாக்லேட் கிடையாது, வறுத்த பதத்துக்கான பெயர்). மூன்றாவதில் கருப்பட்டி 10 கிராம், 100 மி.லி. தண்ணீரில். நான்காவதில் சிக்கரி கலக்காத டிகாஷன் ஒரு ஸ்பூன், 100 மி.லி. தண்ணீரில். எல்லாம் ஆறியபின் மூடிவைத்து, பியரை முகர்ந்ததும் கிண்ணத்தை முகர்ந்து, மறுபடி பியருக்கு வாருங்கள். கின்னஸில் பார்லிக் கிண்ணம் பேசும், லயனில் கருப்பட்டியும் கோகோவும்.

கெட்ட வாசனைகளுக்கும் மாதிரி வையுங்கள், அதை ஏனோ யாரும் செய்வதில்லை. அட்டைப்பெட்டித் துண்டை நனைத்து மூடிய கிளாஸில் வைத்து முகருங்கள். பியரில் அந்த வாசனை வந்தால் காற்றுப்பட்டு, சூட்டில் கிடந்து பழசானது என்று அர்த்தம். கறுப்பு பியர்கள் பழசானால் சில சமயம் சோயா சாஸ் வாசனையும் வரும். காரில் ஒரு பகல் கிடந்தாலே போதும். மதுரையோ திருச்சியோ இறங்கி வரும் வழியில் டிக்கியில் போடாமல், ஏசி ஓடும் இருக்கைப் பக்கம் ஐஸ் பெட்டியில் வையுங்கள். வீட்டில் மாடியில் வேண்டாம், ஓடு சூடேறும் இடம் அது. ஃபிரிட்ஜில் இடமில்லாத நாட்களில் கீழே, ஜன்னலில்லாத உள்ளறைதான் சரி.

இன்னொன்று. சாமுவேல் ஸ்மித் வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் வருகிறது. வெயிலோ டியூப்லைட்டோ பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள் உடைந்து ஒரு நாற்றம் கிளம்பும். நேர்வெயிலில் சில நிமிடமே போதும். வாங்கிய உடனே செய்தித்தாளில் சுற்றச் சொல்லுங்கள். வந்ததும் எல்லாப் பாட்டிலையும் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்தால் அடியில் மண்டி இருந்தாலும் படிந்துவிடும், ஊற்றும்போது கடைசி விரற்கடை அளவைப் பாட்டிலிலேயே விடலாம்.

எவர்சில்வர் டம்ளருக்கும் வேலை உண்டு. ஏபிசியும் லயனும் உண்மையிலேயே வேறு வேறு ருசியா, பெயரைப் பார்த்து அப்படித் தோன்றுகிறதா என்று அறிய மூன்று டம்ளர் சோதனை செய்யுங்கள். ஒருவருக்கு மூன்று டம்ளர், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் மற்றது, ஒவ்வொன்றிலும் 15 மி.லி., ஒரே குளிர்ச்சியில். டம்ளரின் அடியில் மட்டும் அடையாளம் போட்டு, ஊற்றுகிறவர் சோதனையில் சேராமல் வெளியே போய்விட வேண்டும். வேறுபட்டது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். அதனால் ஒருவர் சரியாகச் சொன்னதை வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்று பேர் சுவைத்து மூவரும் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நடக்க 27-ல் 1 வாய்ப்புதான். டம்ளரில் நிறமும் நுரையும் தெரியாது என்பதால்தான் இதற்கு மட்டும் டம்ளர். ரசம் ஊற்றிய வாசம் போகக் கழுவியதாக இருக்கட்டும்.

---

பள்ளத்தூர் அடுப்படி எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். தம்பி, சுவைத்து எழுதி முடிக்கும்வரை காரம் எதுவும் மேசைக்கு வரக் கூடாது. இடையிடையே வாயைத் துடைக்க உப்பில்லாத பொரியும், சில்லென்று இல்லாத தண்ணீரும் போதும். தேன்குழல், சீப்புச் சீடை வேண்டாம். எண்ணெய் உதட்டில் ஒட்டும், உதடு பட்ட இடத்தில் நுரை செத்துப்போகும்.

எழுதி முடித்தபின் சாப்பாட்டோடு ஒரு சுற்று வையுங்கள். அப்போது நம்ம சமையல் நன்றாகவே ஒத்துவரும், ஆனால் எதோடு எது என்று பார்க்க வேண்டும்.

மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் வாயில் ஒரே நரம்பைத்தான் தூண்டுகின்றன. உப்புக்கறியைச் சாப்பிட்டுவிட்டு 9% ராஸ்புட்டினைக் குடித்தால் எரிச்சல் இரட்டிக்கும், ஹாப்ஸ் கசப்பு அதை இன்னும் தூக்கும். கறியும் தெரியாது, பியரும் தெரியாது. உப்புக்கறி வைத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு லெஃப்ட் ஹேண்ட்தான். ஆல்கஹால் குறைவு, லாக்டோஸ் இனிப்பு எரிச்சலைக் கொஞ்சம் அமர்த்தும். அப்போதும் குண்டு மிளகாயைப் பாதியாகக் குறைத்து, விதையைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

மிளகுக் காரம் வேறு. அது சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும், வறுத்த பார்லியோடு கைகோத்துக்கொள்ளும். ஆட்டு ஈரல் மிளகு வறுவல் செய்யுங்கள்: ஈரல் கால் கிலோ, சின்ன வெங்காயம் பதினைந்து, கொரகொரப்பாக இடித்த மிளகு இரண்டு டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன், கல்பாசி ஒரு சிட்டிகை, மிளகாய் கிடையாது. உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் ஈரல் இறுகிவிடும். வெங்காயம் ஓரம் கருகத் தொடங்கும் பதத்தில் இறக்க வேண்டும். அந்தக் கருகல் வாசமும் கல்பாசியின் மண்வாசமும் கின்னஸின் பார்லி வாசமும் ஒரே பக்கம் நிற்கின்றன. அயர்லாந்தில் உலர் ஸ்டவுட்டோடு சிப்பி சாப்பிடுவது பழைய வழக்கம். நமக்குத் தொண்டிப் பக்கத்து நண்டு இருக்கிறது. மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு அவித்து எடுங்கள், மசாலா வேண்டாம். நண்டின் இனிப்பும் கடல் உப்பும் சேர்ந்தால் கின்னஸ் கசப்பு அடங்கி, பியரே கொஞ்சம் இனிக்கும்.

இனிப்புக்குக் கவுனி அரிசி, லயனோடு. ஒரு விதி மட்டும்: இனிப்பு பியரைவிட இனிக்கக் கூடாது. இனித்தால் பியர் புளித்துக் கருகின மாதிரி ஆகிவிடும். ஒரு கப் கவுனியை இரவே ஊறவைத்து, மூன்றரை கப் தண்ணீரில் ஆறேழு விசில் விடுங்கள். வீட்டில் வழக்கமாக முக்கால் கப் சர்க்கரை போடுவீர்கள் என்றால் இதற்குக் கால் கப்புக்கு மேல் வேண்டாம். தேங்காய்த்துருவல் அரை கப், நெய் ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். சூடாகப் பரிமாறாமல் ஆறவிட்டுக் கொடுங்கள். நெய் கூடினால் நாக்கில் படலம் கட்டி லயனின் உலர்பழ வாசத்தை மூடிவிடும். அதிரசம், கந்தரப்பம் எல்லாம் எண்ணெயும் வெல்லமும் மிகுந்தவை, எந்த ஸ்டவுட்டுக்கும் நான் வைக்க மாட்டேன்.

---

செக்காலை ரோடு எழுதியது:

ஆச்சி, ஈரலும் கவுனியும் உறுதி. ராஸ்புட்டினுக்கு எதுவுமே இல்லையா?

---

பள்ளத்தூர் அடுப்படி எழுதியது:

அதற்குச் சாப்பாடு வேண்டாம். மிகவும் வேண்டுமென்றால் உப்பு போடாத வறுத்த முந்திரி நாலு.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பியரிலும் ஆளுக்கு 80 மி.லி. வீதம், இரண்டாம் ஊற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒருவருக்குச் சுமார் 33 மி.லி. சுத்த ஆல்கஹால் போகும். 650 மி.லி. பாட்டில் 5% பியர் ஒன்றை முழுதாகக் குடித்ததற்குச் சமம். சின்னக் கிளாஸ் என்பதால் தெரியாது. எக்ஸ்ட்ரா ஸ்டவுட் பாட்டிலும் சேர்ந்தால் இன்னும் கூடும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விடும் அளவு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கிராம்தான், அதைத் தாண்டிவிடுவீர்கள். இரவு யாரும் வண்டி எடுக்காதபடி தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஜோடிகளுக்கு நடுவே கால் மணி விட்டு எட்டு மணிக்குள் எழுதி முடிக்கலாம், அதன் பிறகு ஈரலை அடுப்பில் ஏற்றினால் சரியாக இருக்கும்.